தலைக்கு விலை

டேட்டன் நகரில், நெடுஞ்சாலை ஓரத்து விடுதியில்
கல்யாணக் கூடத்தை வாடகைக்கு எடுத்து
ஏலம் நடத்துகிறோம்.
நேற்று இங்கே யாருக்கோ மணமானது.
கம்பளத்தில் இன்னும் ஜிகினாத் தூள்.
இன்று தலைகள் விற்கின்றன.

நம் மொழியில்தான் அதற்குத் தலை என்று பெயர்.
உடம்பு எங்கே என்று இங்கே யாரும் கேட்பதில்லை.
உறைக்குள் கடிதம் இருந்தால்
தனியே எடுத்து வை என்பார் ரஸ்ஸல் க்ரோமர்.
உள்ளே புடைத்தால் முகப்பு மடங்கும்,
மடங்கினால் இருநூறு டாலர் போச்சு.

என் வேலை விவரம் எழுதுவது.
பல் எண்ணுவேன். நீர்க்குறி பார்ப்பேன்.
ஊதா விளக்கின் கீழே பிடித்தால்
ஒட்டுப்போட்ட மூலை
பொய்ப்பல் மாதிரி தனியாக வெளுக்கும்.
பின்பக்கக் கோந்து குலையாமல் இருந்தால் விலை மும்மடங்கு.
எச்சில் படாதது, அவ்வளவுதான் விஷயம்.
அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்ல என்று
முதல் வாரம் திணறினேன்;
அவர்களிடம் இரண்டெழுத்தில் ஒரு சுருக்கம் இருக்கிறது.
நூற்றைம்பது வருஷமாக
ஒரு நாக்கையும் காணாத தலைகளுக்குத்தான்
இத்தனை மரியாதை.

லாட் 417 நாக்கைக் கண்டது.
1852. மெய்ன் மாநிலக் கடலோர ஊரிலிருந்து
சாக்ரமெண்டோவுக்கு.
மூன்று சென்ட், ஜோடி, மங்கிய சிவப்பு.
துளையிடாத காலம், கத்தரியால் வெட்டியது.
வெட்டியவளுக்குக் கை நடுங்கவில்லை,
நான்கு ஓரமும் அகலம்.
பெறுநர் ஈபன் லோரிங், தங்கம் தேடிப் போனவன்.
வந்து வாங்கவில்லை.
பேப்பரில் பெயர் போட்டும் வாங்கவில்லை;
அப்படிப் போட்டதற்கு ஒரு நீள்வட்ட முத்திரை.
அந்த முத்திரை அரிது.
அவன் வந்து வாங்கியிருந்தால்
நாற்பது டாலர் பெறாது.

உறையின் மூடியில், அரக்குக்குப் பக்கத்தில்,
பென்சிலில் ஒரு வரி.
ஒட்டிய பிறகு ஞாபகம் வந்ததுபோல அவசரமாக:
பையன் நேற்று நடந்தான், நாலு எட்டு.

'பின்புறம் பென்சில் கிறுக்கல்' என்று தட்டினேன்.
க்ரோமர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
'துடைத்தால் ஒரு தரம் ஏறும்.'
யாரும் என்னை மிரட்டவில்லை,
அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.
இழுப்பறையில் வெள்ளை ரப்பர் இருந்தது.
மெதுவாக, ஒரே திசையில்.
எட்டு முதலில் போயிற்று.
அப்புறம் நாலு.
பையனை மட்டும் அழுத்தி எழுதியிருந்தாள்,
நேரம் பிடித்தது.

கடைசி வரிசையில் டெல்ஃபின் ஹாஸ்கெட்.
இந்த ஆல்பங்கள் எல்லாம் அவர் கணவர் சேர்த்தவை,
செப்டம்பரில் போய்விட்டார்.
மடியில் சாண்ட்விச்சைப் பிரித்து வைத்துக்கொண்டு
என் கையைத் தொட்டார்:
'அந்தக் குழந்தை உறை வந்துவிட்டதா?'
எந்தக் குழந்தை என்று நான் கேட்கவில்லை.
வரும் என்றேன்.

தொலைபேசியில் டென்வர். கூடத்தில் 61ஆம் அட்டை.
இரண்டாயிரம். இரண்டாயிரத்து இருநூறு.
டென்வர் யோசித்தது.
க்ரோமரின் வாய் என்ன சொன்னதோ,
என் காதில் விழுந்தது
ஒரு தரம்,
ரெண்டு தரம்,
இத்தனை நாள் நான் ஏற்றியும் இறக்கியும் எழுதிய தரமெல்லாம்
அந்த மூன்றாவதற்காகக் காத்திருந்தன.
சுத்தி விழுந்தது.

61ஆம் அட்டைக்காரர் உறையைத் திருப்பிப் பார்த்து,
'சுத்தம்' என்று தலையசைத்தார்.
டெல்ஃபின் அவரிடம் கேட்டு வாங்கினார்.
சாய்த்துப் பிடித்தார், ஜன்னல் பக்கம்,
பனி வெளிச்சத்தில்.
கட்டைவிரல் நகத்தை மூடியின் மேல் ஓட்டினார்.
ஓரிடத்தில் நகம் தட்டியது.
பள்ளம் அழியாது,
எனக்குத் தெரியும்; விவரத்தில் எழுதவில்லை.
திருப்பிக் கொடுத்தார்.
என்னைப் பார்க்கவில்லை,
அல்லது நான் அவரைப் பார்க்கவில்லை.

லாட் 418.
வலது மேல் மூலை ஒட்டுப்போட்டது,
முன்னிருந்து பார்த்தால் தெரியாது.
அது நான் எழுதியதுதான்.